38 வயதில் மீண்டும் மாணவனாகலாமா?

கேள்வி: ஐயா, ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட வீதியோரமாக ஒரு சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். வயது 38. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அப்பா இல்லாமல் போன பிறகு 16 வயதில் புதுக்குடியிருப்பில் ஒரு கராஜில் கையாளாகச் சேர்ந்து வேலை பழகினேன். 2009இல் கருவிப்பெட்டியோடு எல்லாமே போயிற்று. மீள்குடியேறி வந்து, இரவல் வாங்கிய இரண்டு ஸ்பனருடன் திரும்பத் தொடங்கினேன். லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம், மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி எல்லாம் திருத்துவேன். கொஞ்சக் காலமாக வேலை குறைந்துகொண்டு வருகிறது. பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் இல்லாத புதிய மோட்டார் சைக்கிள் வந்தால் கைவைக்கப் பயமாக இருக்கிறது. வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். என்னிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. சாதாரண தரப் பரீட்சையும் எழுதவில்லை. இந்த வயதில் என்னை எந்தப் பயிற்சி நிலையம் சேர்க்கும்? கராஜை மூடிவிட்டு வரச் சொல்லிக் கட்டாரில் இருக்கும் மைத்துனர் கூப்பிடுகிறார். இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தங்கையின் மகள் கலைப்பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். தங்கைக்கு நான்தான் துணை. நகரில் ஓரிடத்தில் ஆறு மாத டிப்ளோமாவுக்கு 85,000 ரூபா கேட்கிறார்கள். கட்டலாமா?

– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் "என்னிடம் எந்தச் சான்றிதழும் இல்லை" என்ற வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். 22 வருடமாக வயல் சேற்றிலும் கிரவல் புழுதியிலும் ஓடிய இயந்திரங்களைத் திருத்திவரும் ஒருவர், தன்னைப் பற்றிச் சொல்லும்போது இல்லாததையே முன்னுக்கு வைக்கிறார். வன்னியில் பயிற்சி ஆலோசகனாகவும் மதிப்பீட்டாளனாகவும் வேலை செய்த காலம் முழுவதும் இந்த வரியை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மேசன்மார், தச்சர்கள், தையல் செய்யும் அக்காமார், எல்லோரும். ஆகவே முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கவலைகளில் விரைவாகத் தீரக்கூடியதும் அதுதான்.

நீங்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் உட்கார்ந்து "இது ஸ்பனர், இது பிளக்" என்று முதலில் இருந்து படிக்க வேண்டியதில்லை. என்.வி.கியூ. என்று நாம் சொல்லும் தேசிய தொழிற்தகைமையில் ஏழு நிலைகள் உண்டு. ஒன்றிலிருந்து நான்கு வரை கைத்தொழில் திறனுக்கான சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டம். ஏழு, பட்டத்துக்குச் சமம். இதற்குள் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. மற்றது, ஏற்கெனவே வேலை தெரிந்தவரின் திறனை மதிப்பிட்டு நேரடியாகச் சான்றிதழ் வழங்குவது. இந்த இரண்டாவது வழிக்கு "முன் கற்றலை அங்கீகரித்தல்" என்று பெயர். அது உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. சாதாரண தரம் எழுதினீர்களா என்று அங்கே வாசலில் நிறுத்திக் கேட்கமாட்டார்கள். வேலை தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி திருத்துநர் என்ற தொழிலுக்கும் இந்தத் தகைமை உண்டு.

தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலோ, நைட்டா என்று அறியப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலோ விண்ணப்பம் கேளுங்கள். அலுவலகம் எங்கே இருக்கிறது, இப்போது உங்கள் தொழிலுக்கு மதிப்பீடு நடக்கிறதா என்ற விபரம் தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை விசாரியுங்கள். ஆதாரம் கேட்பார்கள். கிராம அலுவலரிடம் தொழில் பற்றிய உறுதிக் கடிதம் ஒன்று வாங்குங்கள். நீண்டகால வாடிக்கையாளர் இரண்டு மூன்று பேரிடம், அவர்கள் கையெழுத்திலேயே, இத்தனை வருடமாக எங்கள் இயந்திரங்களைத் திருத்துகிறார் என்று எழுதி வாங்குங்கள். நீங்கள் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் படங்களை இன்றிலிருந்தே கைத்தொலைபேசியில் எடுத்து வையுங்கள். உதிரிப்பாகம் வாங்கிய பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். பிறகு ஒரு நாள் மதிப்பீட்டாளர் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். வாய்மொழியாகவும் கேள்வி கேட்பார்கள்.

அந்த நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். சில வருடங்களுக்கு முன் தருமபுரம் பக்கமிருந்து ஒருவர் மதிப்பீட்டுக்கு வந்தார். ஐம்பதை எட்டும் வயது. நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்திருந்தோம். அவர் கயிற்றை இழுத்து அதை இயக்கினார். நீளமான திருப்புளி ஒன்றின் முனையை இயந்திரத்தின் தலைப்பகுதியில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒற்றிக்கொண்டு குனிந்து நின்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "வால்வு இடைவெளி கூடிப்போய்க் கிடக்கிறது, ஐயா" என்றார். அதுதான் நாங்கள் வைத்த பிழை.

சரி, சரிப்படுத்துங்கள் என்றோம். சட்டைப்பையிலிருந்து பழைய சிகரெட் பெட்டியின் மட்டைத் துண்டொன்றை எடுத்தார். அவருக்கு வேலை பழக்கியவர் தந்த அளவு அது. வருடக்கணக்காக அதை இடைவெளிக்குள் விட்டுப் பார்த்துத்தான் பூட்டிவந்தார். நாங்கள் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை அவர் கையில் கொடுத்தோம். அவர் அவற்றை விசிறி போல விரித்து, ஒவ்வொன்றாகத் தன் மட்டையோடு சேர்த்துப் பிடித்து விரலால் தடவினார். மட்டை 0.25 மில்லிமீற்றர். அந்த இயந்திரத்தின் உள்ளிழுக்கும் வால்வுக்கு வேண்டியது 0.15. மயிரிழை வித்தியாசம். அவர் ஒன்றும் பேசாமல் தகட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அதனால்தான் நான் பூட்டிக் கொடுக்கும் சில இயந்திரங்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்தன" என்றார்.

அன்று அவருக்கு முழுச் சான்றிதழ் கிடைக்கவில்லை. தேறிய அலகுகளுக்கு மட்டும் சாதனைப் பதிவு ஒன்று கொடுத்தோம். எஞ்சியவற்றுக்குப் பிறகு வந்து செய்து காட்டலாம். அடுத்த முறை வந்தபோது தகடுகளைச் சொந்தமாக வாங்கி, துணியில் சுற்றி வைத்திருந்தார். சான்றிதழோடுதான் திரும்பினார்.

தம்பி, உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் இதைத்தான். உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. அளவு மட்டும் குறைகிறது. பயிற்சியிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியதும் அந்த அளவைத்தான்.

வேலை ஏன் குறைகிறது என்பதையும் பார்ப்போம். அதற்கு உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்வதாகத் தெரிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. ஏறத்தாழ ஐந்து வருடம் புது வாகனம் நாட்டுக்குள் வருவது அரிதாக இருந்தது. இருந்ததையே திரும்பத் திரும்பத் திருத்தி ஓட வேண்டிய காலம் அது. பழைய வாகனங்களில் கைதேர்ந்தவர்களுக்கு வேலை இருந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. இப்போது வருபவற்றில் காபரேற்றரைக் காண்பது குறைவு. எரிபொருள் செலுத்தும் வேலையை உணரிகளும் (சென்சர்) ஒரு சிறிய கணினிப் பெட்டியும் பார்த்துக்கொள்கின்றன. மின்சாரத்தில் ஓடும் இருசக்கர, முச்சக்கர வண்டிகளும் வீதிக்கு வந்துவிட்டன.

நீர் இறைக்கும் இயந்திரங்களின் கதை இன்னும் கடுமையானது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது உங்களுக்கு மறந்திருக்காது. மிளகாய்த் தோட்டத்துக்கும் வெங்காயத்துக்கும் மண்ணெண்ணெயில் இறைத்தவர்கள் அந்த நாளில் கணக்குப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். சிலர் தோட்டத்தையே சுருக்கினார்கள். வசதியுள்ளவர்கள் மின்மோட்டாருக்கோ சூரிய மின்கலத்துக்கோ மாறினார்கள். அந்த மோட்டார்களும் பழுதாகும். சூரியத் தகட்டில் புழுதி படியும், வயரை எலி கடிக்கும், இணைப்பில் மழைத் தண்ணீர் போகும். ஒட்டுசுட்டான் பக்கத்தில் அதைத் திருத்த யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு உங்கள் ஊரில் இன்னும் பதில் இல்லையென்றால், அந்த வேலை உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது.

ஆகவே முதலில் மின்னளவு பார்க்கும் மல்ரிமீற்றர் ஒன்று வாங்குங்கள். விலை கூடியது வேண்டாம். நல்ல கடையில் சாதாரணமானது போதும். அடுத்த முறை எரிபொருள் உட்செலுத்தும் மோட்டார் சைக்கிள் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்தால் உடனே வவுனியாவுக்கு அனுப்பாதீர்கள். சாவியைத் திருப்பிவிட்டுக் காதைப் பெற்றோல் தாங்கிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். பெற்றோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி "உர்ர்" என்று இரைந்து நிற்க வேண்டும். உங்கள் காதுக்கு அங்கேயும் வேலை இருக்கிறது, பார்த்தீர்களா? சத்தம் வரவில்லையென்றால் மீற்றரைப் பற்றரியில் வையுங்கள். முழுதாக ஏறிய 12 வோல்ற் பற்றரி, இயந்திரம் நிற்கும்போது 12.6 அளவில் காட்டும். இயந்திரம் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை போக வேண்டும். அப்படி ஏறாவிட்டால் பற்றரியை மாற்றியும் பயனில்லை. மின்னேற்றும் பகுதியைப் பாருங்கள். பிழை விளக்கு ஒளிர்ந்தால் அதையும் கவனியுங்கள். பல வண்டிகளில் அந்த விளக்கு நீட்டியும் குறுக்கியும் மின்னி, எந்த உணரியில் கோளாறு என்று இலக்கத்தில் சொல்லும். அந்தந்த வண்டியின் திருத்தக் கைநூலில் இலக்கத்துக்கு விளக்கம் இருக்கும். பெரும்பாலும் உணரி பழுதாகியிருக்காது. உணரிக்குப் போகும் இணைப்பில் துருப்பிடித்திருக்கும், எர்த் வயர் தளர்ந்திருக்கும். பாகத்தை மாற்றச் சொல்லி வாடிக்கையாளரின் காசை வீணாக்கும் முன் இதைப் பார்ப்பவரைத்தான் ஊர் நம்பும்.

இவ்வளவையும் தனியாகப் பழகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வாகன மின்னியலில் ஒரு குறுங்காலப் பயிற்சி உங்களுக்குக் கட்டாயம் தேவை. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு அமைந்து 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் துறை இருக்கிறது. தொழில் செய்பவர்களுக்கான பகுதிநேர வகுப்பு எப்போது தொடங்கும் என்று அங்கேயும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் கேட்டு வையுங்கள். காலத்தை நீங்கள் தெரிவுசெய்யுங்கள். ஐப்பசியில் விதைப்புக்கு லாண்ட்மாஸ்டர் எல்லாம் உங்கள் வாசலில் நிற்கும். தை, மாசியில் அருவிவெட்டு. இடையில், மாரி மழை பிடித்து நீர் இறைக்கும் இயந்திரங்கள் எல்லாம் மூலையில் கிடக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் உங்களுக்குக் கை ஓய்வு. அப்போது வாரத்தில் இரண்டு நாள் கராஜைப் பூட்டினாலும் வீடு பட்டினி கிடக்காது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த பயிற்சிகளில் பெரும்பாலானவை கிழமை நாட்களில் காலை தொடங்கி மாலை வரை நடப்பவை. நாட்கூலிக்குப் போகும் ஒருவரால், கராஜ் வைத்திருக்கும் ஒருவரால், பால் கறந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாயால் எப்படி வர முடியும்? போகத்தின் காலத்தைப் பார்த்துப் பயிற்சியின் காலத்தை வையுங்கள் என்று பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன். நீங்களும் விண்ணப்பம் கொடுக்கும்போது, வார இறுதி வகுப்பு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களைப் போன்ற பத்துப் பேரின் கடிதம் ஒரு மேசையில் சேர்ந்தால், அந்த மேசையில் இருப்பவரால் அதை ஒதுக்கிவைக்க முடியாது.

கட்டார் பற்றி. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கடன் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் சான்றிதழ் இல்லாமல் போனால் உங்கள் 22 வருடத்தை அங்கே யாரும் எண்ணமாட்டார்கள், உதவியாளராகத்தான் எடுப்பார்கள். என்.வி.கியூ. நான்காம் நிலையோடு போகிறவர் திருத்துநராகப் போவதற்கு வாய்ப்பிருக்கிறது. சம்பள வித்தியாசத்தை மைத்துனரிடமே கேட்டுப் பாருங்கள். எப்படியானாலும் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திடமே உறுதிப்படுத்தாமல் கடவுச்சீட்டையோ காசையோ கொடுக்காதீர்கள். காணி உறுதியை அடகு வைப்பது வேண்டவே வேண்டாம். கராஜை இப்போதே மூடுவதும் வேண்டாம்.

இனி உங்கள் மருமகள். 85,000 ரூபாவை இன்னும் கட்டவில்லைத்தானே? நல்லது. அந்த நிலையத்துக்கு நேரில் போய் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் உங்கள் நிலையம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? இந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு என்.வி.கியூ. தரச்சான்று இருக்கிறதா, இருந்தால் எத்தனையாம் நிலை? இரண்டும் வேறு வேறு. நிலையம் பதிவாகியிருக்கும், பாடநெறிக்குத் தகைமை இருக்காது. இந்த இடத்தில்தான் நிறையப் பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். டிப்ளோமா என்ற சொல்லை யாரும் சுவரொட்டியில் அச்சடிக்கலாம். தேசிய தகைமையில் டிப்ளோமா என்றால் அது ஐந்தாம் நிலை. கீழே எந்தத் தகைமையும் இல்லாமல் ஆறு மாதத்தில் அங்கே ஏறிவிட முடியாது. பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் மருமகளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பதிலை மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அரச நிலையங்களில் பல பாடநெறிகளுக்குக் கட்டணமே இல்லை.

ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அவள் எந்தப் பிரிவில் படித்தாள், இப்போது வீட்டில் இருக்கிறாள், எவ்வளவு காசு கேட்கிறார்கள், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு என்ன விருப்பம் என்று ஒரு வரியும் இல்லை.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, ஏனென்றால் இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். போர் முடிந்து மீள்குடியேறிய வருடங்களில், நான் வேலை செய்த ஓரிடத்தின் திட்டப்படி, ஒரே கிராமத்தில் இருபதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்தோம். ஆளுக்கொரு தையல் இயந்திரமும் கொடுத்தோம். மூன்று மாதப் பயிற்சி, படம் எடுப்பு, சான்றிதழ். இரண்டு வருடம் கழித்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஒரு வீட்டுத் திண்ணையில் அந்த இயந்திரத்தைப் பழைய தறப்பாளால் மூடி, அதன்மேல் விதைநெல் மூட்டையை வைத்திருந்தார்கள். "ஐயா, எங்கள் ஊரில் இத்தனை பேர் தைத்தால் யாருக்கு யார் சட்டை தைப்பது?" என்று அந்த வீட்டுத் தங்கச்சி அமைதியாகக் கேட்டாள். அவளுக்கு மாடு வளர்ப்பில்தான் ஆசை இருந்திருக்கிறது. பயிற்சி தொடங்கும் முன் நாங்கள் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அதனால், மருமகளை ஒரு நாள் உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் வடக்கே ஏறினால் முறிகண்டி தாண்டி அறிவியல் நகர். அங்கே உணவுத் தொழில்நுட்பம், மின், கட்டுமானம், தகவல் தொழில்நுட்பம் என்று துறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பட்டறையையும் அவள் கண்ணால் பார்க்கட்டும். இது பெண் பிள்ளைக்கு ஆகாது என்று நீங்கள் முந்திக்கொண்டு ஒன்றையும் கழித்துவிடாதீர்கள். கலைப்பிரிவில் படித்தது தடையா என்று ஒவ்வொரு துறையிலும் கேட்கட்டும். சாதாரண தரப் பெறுபேறு போதுமான பாடநெறிகளும் உண்டு. நான்காம் நிலையில் தொடங்கி ஐந்து, ஆறு என்று ஏறினால், தொழில்நுட்பக் கல்விக்கென்றே அமைந்த அரச பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. அங்கே பட்டம் வரைக்கும் போகலாம். உயர்தரத்தோடு படிப்பு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால், இந்தச் செய்தி முதலில் அவளுக்குத்தான் தெரிய வேண்டும். தினம் போய்வரும் பஸ் நேரம், விடுதியில் இடம் கிடைக்குமா, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு ஏதும் உண்டா என்பவற்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். தங்கையும் கூட வந்தால் இன்னும் நல்லது. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பும் பயம் இடத்தைப் பார்த்தால்தான் குறையும்.

போகும்போது உங்கள் தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், நீங்கள் எடுத்து வைத்த படங்கள், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுபோங்கள். மருமகளின் வேலையும் உங்கள் பகுதிநேர வகுப்பு பற்றிய விசாரணையும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். விசாரணை மேசையில் முதலில் அவளைப் பேசவிடுங்கள்.